இங்கு யாவரும் நலம்

"இங்கு யாவரும் நலம். அங்கு அனைவர் நலமும் அறிய ஆவல். நான்கு நாட்களாக நல்ல மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது. பறித்துச் சமைக்கத்தான் ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பென்ஷன் வந்துவிட்டது. கால்வலி தேவலை. குழந்தைகளுக்கு என் ஆசிகள்."

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு பெரியவர், தொலைவிலுள்ள தம் மக்களுக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதைப் படிக்கும் இளையவர்கள் என்ன சொல்கிறார்கள்? "தாத்தாவின் கடிதத்தில் செய்தி ஒன்றுமே இல்லை. மழை, மாடு, முருங்கைக்காய். அவ்வளவுதான்!" என்று சிரித்துவிட்டு அதை மேசை மேல் போட்டுவிடுகிறார்கள். பலர் பதில் எழுதுவதும் இல்லை. பதில் வராத வீட்டிலிருந்து சில ஆண்டுகளில் கடிதம் வருவதும் நின்றுவிடுகின்றது. இன்று அக்கடிதம் தொலைபேசித் திரையில் நாலு வரியாகவோ, குரல் பதிவாகவோ வந்தாலும் அதன் கதி இதுதான்.

முதியோர் எழுதும் இந்த அன்றாடச் செய்திகள் வீண் பேச்சல்ல என்பதே என் கருத்து. அவை ஒரு குடும்பத்தின் உயிர்நாடி. அவற்றை எழுதுவது பெரியவர்களின் உரிமை. படிப்பதும் பதில் போடுவதும் நம் கடமை. இதனை மாணவியரும் பெற்றோரும் சற்றுப் பொறுமையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

போனவர்களும் இருப்பவர்களும்

நம் செய்யூர்ப் பகுதியைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் நெல் வயல்கள். ஒரு பக்கம் உப்பளங்கள். கடலோரமாகச் சவுக்குத் தோப்புகள். நிலத்தையும் கடலையும் உப்பையும் நம்பிப் பல தலைமுறைகள் இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்ந்தன. இன்று படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். இன்னும் சிலர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். போவது தவறல்ல. படித்தவர்கள் வேலை இருக்கும் இடத்துக்குத்தான் போக முடியும். பெண்பிள்ளைகள் படித்துப் பணிக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தானே இப்பள்ளி போன்ற பள்ளிகளே எழுந்தன!

ஆனால் போனவர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அஞ்சல் ஊழியர்கள், ரயில்வேக்காரர்கள் எனப் பலர். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் பிரிவு 1984-இல் இயங்கத் தொடங்கியது. அப்போது இளைஞர்களாக வேலையில் சேர்ந்தவர்கள் இன்று தாத்தாக்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அப்போதே இந்தியா முழுவதற்குமான சராசரியைவிட இது அதிகம். ஆகவே கடிதம் எழுதக் கூடிய கைகளுக்கு நம் நாட்டில் பஞ்சம் இல்லை. படிக்கும் கண்களுக்குத்தான் பஞ்சம்.

சிறிய செய்தியா?

"இதெல்லாம் ஒரு செய்தியா?" என்று கேட்பவர்களுக்கு வரலாற்றிலிருந்து சில சான்றுகளைக் காட்ட விரும்புகிறேன்.

நம் முன்னோர் சின்னப்பர் என்று அழைத்த புனித பவுல் அடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் உயர்ந்த போதனைகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் அத்திருமுகம் முடியும் இடத்தில் முதுமையும் சிறையும் குளிரும் சூழ்ந்த ஒரு மனிதரின் குரல் கேட்கின்றது. துரோவா நகரில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையை எடுத்து வரச் சொல்கிறார், நூற்சுருள்களையும் கேட்கிறார், குளிர்காலம் வருமுன் வந்துவிடுமாறு வேண்டுகிறார். போர்வை ஒரு செய்தியா? ஆம்! ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் அவர் நமக்கு உறவினர்போலத் தோன்றுவதற்கு அந்தப் போர்வையும் ஒரு காரணம் அன்றோ?

புனித சவேரியார் 1542-இல் கோவா வந்து இறங்கினார். அவ்வாண்டிலேயே நம் தமிழகத்து முத்துக்குளித்துறைக்கும் வந்தார். அன்றைய கப்பல்களில் ஒரு கடிதம் ஐரோப்பாவுக்குப் போய்ப் பதில் வந்து சேர இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். அவர் தமக்கு வந்த கடிதங்களிலிருந்து சகோதரர்களின் கையொப்பங்களைக் கத்தரித்து எடுத்துக் கழுத்தில் அணிந்திருந்தார் என்று அவர் வரலாற்றில் படிக்கின்றோம். ஊர் ஊராக நடந்து, யாரிடமும் எதையும் கேட்காத துறவிக்கே தொலைவிலுள்ள அன்பர்களின் கையெழுத்து அவ்வளவு தேவைப்பட்டதென்றால், தனியே வீட்டில் இருக்கும் ஒரு பாட்டிக்கு எவ்வளவு தேவைப்படும்?

இன்னும் அருகில் வருவோம். நம் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கின்றது. பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்த மாணவியர் பலர் இருப்பர். 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அக்கோட்டையை 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தனர். அந்தக் காலத்தில் நம் கரையில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பு அதற்குப் பெரிதும் உதவுகின்றது. இன்று எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன விலைக்குப் போனது, யார் வீட்டில் கல்யாணம், யார் யாரோடு சண்டை என்பவற்றையெல்லாம் அவர் எழுதினார். அன்றைக்கு அவை ஊர்ப்பேச்சு. இன்றைக்கு அவையே சரித்திரம். கோட்டை இடிந்துவிட்டது, ஊர்ப்பேச்சு நிலைத்துவிட்டது!

ஓய்வு பெற்றவர்களுக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்றும் தமிழில் உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வழக்கறிஞராகவும், பின்பு அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் இருந்தவர். பதவியை விட்டபின் தென்காசியிலும் குற்றாலத்திலும் வாழ்ந்தார். அங்கிருந்து தூரத்திலுள்ள நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். கம்பனும் கவிதையும் அவற்றில் உண்டு. குற்றாலத்துச் சாரலும், வந்த விருந்தினரும், அன்றைய நாளின் சுவையும் அவற்றில் உண்டு. 1954-இல் அவர் மறைந்தார். அவர் கடிதங்களை நண்பர்கள் பத்திரமாக வைத்திருந்து நூலாக்கினார்கள். வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எழுதியவருக்கு உள்ள பெருமையில் ஒரு பங்கு, கிழித்துப் போடாமல் காத்தவர்களுக்கும் சேரும்.

நம் வீட்டுப் பெரியவர் ரசிகமணி அல்லர்தான். ஆனால் நம் வீட்டைப் பற்றி ரசிகமணி எழுத முடியாது. அதை எழுதக் கூடியவர் நம் தாத்தா ஒருவர்தான்.

அட்டை வந்த வழி

நம் நாட்டில் அஞ்சலட்டை 1879-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி வந்தது. விலை காலணா. அதுவரை கடிதம் என்பது வசதியுள்ளவர்களின் பழக்கமாக இருந்தது. காலணா அட்டைதான் ஏழை வீட்டுத் திண்ணைக்கும் கடிதத்தைக் கொண்டு வந்தது. மடித்து ஒட்டும் உள்நாட்டுக் கடிதத்தாள் 1950-இல் வந்தது. 1972 ஆகஸ்டு 15 அன்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வழக்கத்துக்கு வந்தது. அதன் முதல் எண் 6 என்றால், கடிதம் தமிழ்நாடு, கேரளப் பகுதிக்கு உரியது. முதல் மூன்று இலக்கம் 603 என்றால் நம் செங்கற்பட்டுப் பக்கம். கடைசி மூன்றும் எந்த அஞ்சலகம் என்று காட்டும். எங்கோ ஒரு நாட்டில் எழுதிய உறை நம் தெருவுக்கு வழி தவறாமல் வருவதற்கு இந்த ஆறு எண்களே துணை.

அக்காலக் கடிதங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. சிலர் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவர். கிறிஸ்தவ வீடுகளில் சிலுவை அடையாளமிட்டு "இயேசு மரி சூசை" என்று எழுதுவர். நல்ல செய்தியென்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். துக்கச் செய்தியென்றால் கறுப்பு மை. பிரித்துப் படிக்குமுன்பே விவரம் தெரிந்துவிடும். தந்தி என்றாலோ தெருவே நடுங்கும். அந்தத் தந்தியும் 2013 ஜூலை மாதத்தோடு நம் நாட்டில் முடிந்துவிட்டது.

டென்மார்க் நாட்டின் அஞ்சல் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு முடிவோடு கடிதம் கொண்டு சேர்க்கும் வேலையையே நிறுத்திவிட்டது. 1624-இல் தொடங்கிய பணி அது. ஒரு காலத்தில் தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் கடிதங்களை எதிர்பார்த்துக் காத்திருந்த நாடு அது! நம் நாட்டில் தபால்காரர் இன்னும் வருகிறார். ஒரு தேநீரின் விலைக்குப் பல அஞ்சலட்டைகள் வாங்கலாம். ஆனால் நாம் எழுதாவிட்டால் அவர் பையில் எதைப் போட்டுக்கொண்டு வருவார்?

தொலைபேசி போதாதா?

"கையில் தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு? முகத்தையே பார்த்துப் பேசலாமே" என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. தொலைபேசியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் அடைபட்டுக் கிடந்தபோது, பெற்றவர் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியது அந்தக் கருவிதான். ஆபத்துக் காலத்தில் அவசரச் செய்திக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

ஆனால் தொலைபேசிப் பேச்சு எப்படி நடக்கிறது என்று சற்றுக் கவனியுங்கள். அமெரிக்காவில் மகனுக்கு இரவு. இங்கே தந்தைக்குக் காலை. மகன் களைத்திருக்கிறான். "அப்பா, நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன்பா." "மருந்து சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." "பணம் ஏதும் வேணுமா?" "வேண்டாம்பா." அதன்பின் பேச ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளை திரையில் வந்து கையசைத்துவிட்டு ஓடிவிடுகின்றது. ஐந்து நிமிடம். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் எதையும் சொல்லவும் இல்லை.

தொலைபேசியில் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். கேட்காததையும் சொல்லக் கடிதத்தில் இடம் உண்டு. "முருங்கைக்காய் பறிக்க ஆளில்லை" என்று பேச்சின் நடுவே யாரும் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்ல ஓய்வான ஒரு பகற்பொழுதும், முன்னால் ஒரு வெற்றுத் தாளும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்தது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நம் கரை. காற்றின் வேகம் எவ்வளவு, மழை எத்தனை சென்டிமீட்டர் என்று உலகமே உடனுக்குடன் அறிந்தது. ஆனால் நம் வீட்டுக் கிணற்றடி வேப்பமரம் சாய்ந்ததா, ஓடு பறந்ததா, எதிர்வீட்டுக் கிழவியை யார் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள் என்பதை எந்த வானொலி சொல்லும்? அதைச் சொல்ல ஊரில் ஒருவர் இருக்க வேண்டும்.

வரிகளுக்கிடையே

பெரியவர்களின் கடிதத்தைப் படிக்க ஒரு பயிற்சி வேண்டும். அவர்கள் துன்பத்தை நேராக எழுத மாட்டார்கள். "பிள்ளைகள் கவலைப்படக் கூடாது" என்று மறைத்து எழுதுவார்கள். ஆனால் அன்றாடச் செய்தி அவர்களை அறியாமலே உண்மையைக் காட்டிவிடும். வழக்கமாகப் பூசைக்கோ கோயிலுக்கோ போய்வந்ததை எழுதுகிறவர் இரண்டு மாதமாக அதைப்பற்றி எழுதவில்லை என்றால், நடக்க முடியவில்லை என்று பொருள். "இப்போதெல்லாம் இரவில் கஞ்சிதான், அதுவே உடம்புக்கு நல்லது" என்றால், பல் போய்விட்டது, அல்லது சமைக்க மனமில்லை என்று பொருள். "நம் தெருவில் இப்போது அமைதியாக இருக்கிறது" என்றால், பேச்சுத் துணைக்கு இருந்த நண்பர் இறந்துவிட்டார் என்றுகூடப் பொருள் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மாதம் தவறாமல் வெளிநாட்டிலுள்ள மகளுக்கு எழுதுவார். முத்து முத்தான கையெழுத்து. ஒரு சமயம் அந்த மகள் கடிதத்தைக் கவனித்துப் பார்த்திருக்கிறார். வரிகள் வலப்பக்கம் போகப்போகக் கீழே சரிந்திருந்தன. சில சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. கடிதத்தில் வழக்கம்போல "நான் நலம்" என்றுதான் இருந்தது. மகள் உடனே ஊரிலுள்ள உறவினரை அனுப்பித் தாயைக் கண் மருத்துவரிடம் காட்டச் செய்தார். இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருந்தது. தொலைபேசியில் வாரந்தோறும் பேசித்தான் இருக்கிறார்கள். குரலில் கண் தெரியாது! அறுவைக்குப்பின் அந்த அம்மையார் எழுதிய முதல் கடிதத்தில் கொல்லைச் செம்பருத்தியின் நிறம் என்ன என்று எழுதியிருந்தாராம். சிறு செய்தி என்று அந்த மகள் அதைத் தள்ளிவிடுவாரா?

சட்டம் தராதது

முதியோரைப் பற்றி அரசாங்கமும் எண்ணாமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற அது வழி செய்கின்றது. துணையற்ற முதியோர் கூப்பிட்டுப் பேச 14567 என்ற எண் 2021 முதல் நாடெங்கும் இருக்கிறது. நாம் மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ள வேண்டிய எண் அது.

மத்திய அரசின் ஓய்வூதியர்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம், தாம் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபர் முதலே தரலாம். முன்பெல்லாம் இதற்காக முதியோர் வங்கி வாசலில் வரிசையில் நிற்பார்கள். 2014 முதல் விரல் ரேகையை வைத்தே சான்று அளிக்கும் வசதி வந்தது. 2020 முதல் தபால்காரரே வீட்டுக்கு வந்து ரேகை வாங்கிக்கொண்டு போகவும் ஏற்பாடு இருக்கிறது. மிக நல்ல ஏற்பாடு.

ஆனால் எண்ணிப் பாருங்கள். "நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா?" என்று அரசாங்கம் ஆண்டுக்கு ஒரு முறை கேட்கிறது, சான்று கிடைத்ததும் பென்ஷன் தருகிறது. நாம் எத்தனை முறை கேட்கிறோம்? "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்வதற்கு விரல் ரேகை போதும். "வாழ்ந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்வதற்குத்தான் கடிதம் வேண்டும். பணம் தரும்படி பிள்ளைக்குச் சட்டம் உத்தரவிடலாம். கடிதம் எழுதும்படி உத்தரவிட எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது அன்பிலிருந்துதான் வர வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் என்று ஓர் உலக நாளை ஏற்படுத்தினார். ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு அந்நாள். இயேசுவின் தாத்தா பாட்டியான சுவக்கீன், அன்னம்மாள் திருநாளாகிய ஜூலை 26-ஐ ஒட்டி அது வைக்கப்பட்டது. பூசை முடிந்ததும் அன்று ஒரு கடிதம் எழுதினால் அந்த நாள் நிறைவு பெறும்.

இரு பக்கமும் குறை உண்டு

இளையோரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. பெரியவர்களின் கடிதங்கள் சில சமயம் படிக்கச் சலிப்பூட்டுகின்றன என்றால் அதற்குக் காரணமும் இருக்கிறது. சிலர் கடிதம் முழுவதும் அறிவுரையாகவே எழுதுவர். "பக்கத்து வீட்டுப் பையன் வீடு கட்டிவிட்டான், நீ எப்போது?" என்று ஒப்பிட்டு எழுதுவர். மருமகளைப் பற்றிய குறை நாலு பக்கம். பேத்தியைப் பற்றி நாலு வார்த்தை. இப்படி வரும் கடிதத்தைப் பிரிக்கவே கை கூசும். பெரியோர்களே, அறிவுரையைக் குறைத்து அன்றாடத்தைக் கூட்டுங்கள்! உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டதா, தர்பூசணி இந்த ஆண்டு என்ன விலை, வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்துவிட்டனவா, வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகும் கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெரிகிறதா என்று எழுதுங்கள். வெளியூரில் இருக்கும் மகன் அதைப் படிக்கும்போது ஒரு கணம் ஊருக்கு வந்துவிட்டுப் போவான். நூறு அறிவுரை செய்யாததை அது செய்யும்.

இளையோர் பக்கத்துக் குறை பதில் போடாமை. இன்னொரு குறை, காலை வணக்கப் படங்களை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுவது. யாரோ வரைந்த ரோஜாப்பூவை யாரோ அனுப்ப, அதை நாமும் தாத்தாவுக்கு அனுப்புகிறோம். அதில் நம்முடையது என்ன இருக்கிறது? "இன்று கணக்கில் 62 மார்க்கு, சாம்பாரில் உப்பு அதிகம், என் செருப்பு அறுந்துவிட்டது" என்று மூன்று வரி எழுதினால் அது ஆயிரம் ரோஜாவுக்குச் சமம்.

மற்றொரு துயரம் மொழி. வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தாத்தா தமிழில் எழுதுவார். பேத்திக்கு அது வெறும் கோடுகளும் சுழிகளும். பெற்றோர் படித்துக் காட்டாவிட்டால் இரண்டு தலைமுறைக்கும் நடுவில் கதவு அடைபட்டுவிடும். தமிழ்ப் பாடநூலை வைத்து மல்லுக்கட்டுவதைவிட, மாதம் ஒரு முறை தாத்தாவின் கடிதத்தைக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்துப் பாருங்கள். தன் பெயர் எந்த வரியில் வருகிறது என்று தேடும் ஆசையிலேயே அக்குழந்தை எழுத்துக்களைக் கற்றுக்கொள்ளும்.

நாம் செய்யக் கூடியது

மாணவியரே, உங்களால் ஆகக் கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மாதம் ஒரு கடிதம். எல்லார்க்கும் வேண்டாம், ஒரே ஒரு பெரியவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு ஞாயிறு மாலை இதற்கு ஏற்ற நேரம். "நலமா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "நலம்" என்ற பதில்தான் வரும். "கொல்லையில் இப்போது என்ன பூத்திருக்கிறது? மாலையில் யாரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள்? நேற்று என்ன குழம்பு?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் எழுத அவர்களுக்கு ஒரு பக்கம் போதாது.

இரண்டாவது, எழுதத் தெரியாத பாட்டிகளுக்கு உங்கள் கையைக் கடன் கொடுங்கள். நம் ஊர்களில் பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். தூரத்திலுள்ள மகனிடம் சொல்ல அவர்களிடம் எவ்வளவோ இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், இலக்கணம் திருத்தாதீர்கள். தாயின் பேச்சு தாயின் பேச்சாகவே போய்ச் சேரட்டும். படித்த பெண் தன் தெருவுக்குச் செய்யக் கூடிய முதல் தொண்டு இது.

மூன்றாவது, பெரிய எழுத்தில் எழுதுங்கள். மங்கிய கண்களுக்கு மை அடர்ந்த எழுத்து வேண்டும். முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண்ணை மறவாதீர்கள்.

நான்காவது, வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு பிஸ்கட் டப்பா போதும். கறையான் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் வந்த குரல் பதிவென்றால் தேதி போட்டுத் தாளில் எழுதி வையுங்கள். கருவி பழுதானால் குரலும் போய்விடும்.

பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தேர்வில் "நண்பனுக்குக் கடிதம் எழுதுக" என்று கேட்கிறோம். இல்லாத நண்பனுக்கு, போகாத சுற்றுலாவைப் பற்றிக் கடிதம் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஆண்டுக்கு ஒரு தமிழ்ப் பாடவேளையிலாவது உண்மையான தாத்தாவுக்கோ பாட்டிக்கோ உண்மையான கடிதம் எழுதச் செய்து, அதைத் தபாலில் சேர்க்கலாம். வரும் பதில்களைப் படித்தால் இந்த ஆண்டு மலருக்கே நல்ல கட்டுரைகள் கிடைக்கும்! அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் இதனை ஆலோசிக்க வேண்டுகிறேன்.

பெற்றோருக்கும் ஒரு சொல். நீங்கள் உங்கள் தாய் தந்தையருக்கு எழுதுவதை உங்கள் குழந்தைகள் பார்க்க வேண்டும். இன்று அவர்கள் பார்ப்பதைத்தான் நாளை உங்களுக்குச் செய்வார்கள். இருபது முப்பது ஆண்டுகள் ஓடினால் கொல்லையில் முருங்கை காய்த்திருக்கிறது என்று எழுதப் போகிறவர்கள் நாம்தான். அப்போது அதைப் படிக்க ஒருவர் வேண்டாமா?

பெரியவர்கள் நம்மிடம் கேட்பது மிகவும் குறைவு. ஊரையும் வீட்டையும் தங்கள் நாட்களையும் நமக்குச் சொல்ல அனுமதி கேட்கிறார்கள்; அவ்வளவுதான். அது கிடைக்கும் வரை அவர்கள் ஊரில் தனியே இருந்தாலும் தனியாக இல்லை. இந்த மலரைப் படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். தேதியைப் போடுங்கள். "இங்கு யாவரும் நலம்" என்று தொடங்குங்கள். பிறகு அந்த நலம் எப்படிப்பட்டது என்பதை விவரமாக எழுதுங்கள்.